கெடங்கு என்று கேட்டிருக்கலாம்

ஈப்போவில் பிறந்தவனுக்குத் தமிழ்நாட்டில் வழி கேட்பதைப் போலக் கஷ்டமான காரியம் வேறில்லை. பாஷை தெரியாத ஊரென்றால் கையைக் காலை ஆட்டித் தப்பித்துவிடலாம். பாஷை தெரியும் என்று நம்பிக்கொண்டு போன ஊரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நான் மட்டும் மாட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அப்போது கயிற்றின் மறுநுனியில், பாதாளத்தில் இன்னொருவன் நின்றுகொண்டிருந்தான்.

மலாயா சுதந்திரம் வாங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா பிறந்த ஊரைப் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தவன், கப்பலுக்கு நாள் இருந்ததால் இன்னாசிமுத்துவைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்கு ரயிலேறினேன். இன்னாசி ஈப்போவில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். யுத்தம் முடிந்ததும் குடும்பத்தோடு ஊர் திரும்பி, இப்போது பூகோள வாத்தியாராக இருந்தான். நான் ஈய லம்பத்தில் படம் வரைகிற குமாஸ்தா. லம்பம் என்றால் ஈயம் தோண்டுகிற இடம். மலாய்க்காரர்களிடம் வாங்கிய சொல்; எங்கள் ஊர்த் தமிழர் யாரும் அதற்கு வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னாசிக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. சுற்றுவட்டாரத்தில் கைவிடப்பட்ட பழைய தோண்டுகுழிகளைத் தேடிப் போய், அளந்து, படம் எடுத்து வைக்கிற பைத்தியம். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலியும் தரவில்லை. கூடவே கதிர்வேல் என்ற போட்டோ ஸ்டுடியோக்காரன். ஒல்லியான உடம்பு, எந்தப் பொந்திலும் நுழைந்துவிடுவான். வாய்தான் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். பரிமாறியவர் என்னிடம், "வெஞ்சனம் என்ன வைக்க?" என்றார். நான் விழித்தேன். தொட்டுக்கொள்கிற கறி, கூட்டுக்குத்தான் அந்தப் பெயர் என்று இன்னாசி சொன்னான். "செத்த நேரம் இருங்க, சூடா வருது" என்று அவர் உள்ளே போனபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொஞ்ச நேரத்துக்கு அப்படி ஒரு பெயரா? எங்கள் ஊரில் சீனன் கடையில் கோப்பி கேட்டால்கூட இத்தனை பயம் வந்ததில்லை.

"நத்தம் ரோட்டுல கரட்டுப்பட்டின்னு ஒரு ஊருடா" என்றான் இன்னாசி. "அங்க ஒரு காக்காப்பொன் கெடங்கு இருக்கு. போன வருஷம் வேற ரெண்டு கெடங்க முள்ளும் மண்ணும் போட்டு மூடிட்டாங்க. நாங்க போறதுக்குள்ள போச்சு. இதுவும் போச்சுன்னா இந்தப் பக்கம் எதுவுமே மிஞ்சாது."

காக்காப்பொன் என்பது ஏடு ஏடாக உரிந்து மினுங்குகிற மைக்கா, அது தெரியும். கெடங்கு என்றதும், எங்கள் துறைமுகத்துக் கிடங்குகளைப் போல மூட்டை அடுக்கும் கொட்டகை என்று எடுத்துக்கொண்டேன். தோண்டிய இடம் அதற்குப் பக்கத்தில் இருக்கும் என்று மனசுக்குள் நானே ஒரு வரைபடமும் போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் கெடங்கு என்றால் தோண்டிய பள்ளமேதான் என்பதை அவனிடம் கேட்டிருக்கலாம். பசியில் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமையானாலும் அவனுக்குப் பள்ளிக்கூடம், கதிர்வேலுக்கு ஒரு கல்யாண வீடு. நான் முன்னால் போய் இடத்தைப் பார்த்து வருவது, ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து இறங்குவது என்று ஏற்பாடு.

நத்தம் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. எனக்கு எப்படியோ உட்கார இடம் கிடைத்தது. முன் இருக்கையில் இரண்டு பேர் தெலுங்கில் கடுமையாகச் சண்டை போட்டார்கள். வெட்டுக்குத்து வரும் என்று நான் ஒதுங்கி உட்கார, கண்டக்டர் சிரித்தார். "ஒண்ணுமில்ல சார். இந்த வருசம் மாங்கா பிஞ்சு உதிருதேன்னு ரெண்டு பேரும் வருத்தப்படுறாங்க."

வழியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். நிற்கவே இடமில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. ஈப்போவில் முன்பின் தெரியாதவன் மடியில் ஒரு குடையைக்கூட யாரும் வைக்க மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே என்று, எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்கிறபடி நானும் கேட்டேன்.

"தலைச்சன் பிள்ளையாம்மா?"

அவள் முகம் செத்துப் போயிற்று. குனிந்து குழந்தையை வெடுக்கென்று தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு குலுங்கிக் குலுங்கி நின்றுகொண்டேதான் வந்தாள்.

கரட்டுப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கி ஒரு டீக்கடைப் பந்தலுக்குள் ஒதுங்கினோம். அந்தப் பெண்ணும் ஒரு ஓரமாக நின்றாள். எனக்கோ, வந்த வேலை நினைவு. தாய்நாட்டில் வந்து லம்பம் கிம்பம் என்று உளறக் கூடாது, நல்ல தமிழில் கேட்க வேண்டும் என்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஐயா, இங்கே பழைய சுரங்கம் எங்கே இருக்கிறது?"

அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீ நின்றது. "எந்தச் சொரங்கம்?"

"மலையடியில் இருக்கிறதாமே. நாளைக்கு ஆள் இறக்கிப் பார்க்கப் போகிறோம்."

பந்தலில் யாரும் பேசவில்லை. யாரோ ஒருவர் பாறைக்குன்றாக நின்ற கரட்டின் பக்கம் கையைக் காட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு வெயிலில் நடந்தேன். எவ்வளவு அமைதியான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

கொட்டகை எதுவும் இல்லை. கரட்டடியில் ஒரு புளியமரம். அதற்குப் பக்கத்தில், ஒரு மாட்டுவண்டி விழுகிற அகலத்தில் நேர்கீழாக ஒரு வாய். சுற்றிலும் தோண்டிக் கொட்டிய கற்குவியல், அதில் காக்காப்பொன் துணுக்குகள் கண்ணைக் கூச வைத்தன. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். சுவரில் உளி கொத்திய தழும்புகள். கீழே ஒரு பக்கவழி போவது நிழலாகத் தெரிந்தது. யார் தோண்டினார்கள், எப்போது விட்டுப் போனார்கள், ஒன்றும் தெரியாது. எங்கள் லம்பத்தில் எத்தனையோ பெரிய பள்ளங்களைப் பார்த்தவன்தான். ஆனாலும் இந்தக் கை வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னாசியின் பைத்தியம் எனக்கும் ஒட்டியது அந்த நிமிஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு இன்னாசி சாமான்களோடு வந்தான். நீளமான வடம். அளவு தெரிவதற்காக அதில் முழத்துக்கு முழம் காவியால் சிவப்புக் குறி. தாகத்துக்குப் பை நிறைய எலுமிச்சம்பழம். அரிக்கேன் விளக்கு. அப்புறம் ஒரு கூடையில் உயிரோடு ஒரு கோழி.

"கோழி எதுக்குடா?"

"கீழ கெட்ட காத்து இருந்தா வெளக்கு அணையும்பாங்க. வெளக்க மட்டும் நம்பி ஆள இறக்க மாட்டேன். கோழி போயிட்டு உசுரோட வரட்டும், அப்புறம் கதிரு போகட்டும்."

சந்தையில் அன்றைக்குக் கிடைத்தது நல்ல கருங்கோழி. இப்போது இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. சிவப்புக் குறி போட்ட கயிறு, எலுமிச்சம்பழம், கருங்கோழி. இன்னும் என்ன பாக்கி?

விளக்கு அணையாமல் வந்தது. கோழி கொக்கரித்துக்கொண்டு வந்தது. கதிர்வேல் இடுப்பில் வடத்தைக் கட்டி, கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டு, கையில் விளக்கோடு பேசிக்கொண்டே இறங்கினான். வடத்தைப் புளியமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நானும் இன்னாசியும் விட்டுக்கொண்டே போனோம். அடியில் கால் ஊன்றியதும் வடத்தை அவிழ்த்தான். அவன் பக்கவழிக்குள் நுழைந்த பிறகு குரல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

திடீரென்று பள்ளத்துக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு வெளிச்சம் வெட்டி அணைந்தது. பிளாஷ் பல்பு. அதே சமயம் எங்கள் பின்னால் "ஐயோ!" என்று ஒரு பெண்ணின் அலறல்.

திரும்பினேன். ஊரே நின்றிருந்தது. அரிவாள், கம்பு, கடப்பாரை. முன்னால் குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி அந்தப் பஸ் பெண். அவள் பக்கத்தில் கட்டுமஸ்தான ஒரு ஆள், கையில் அரிவாள். அவள் புருஷன் மாயாண்டி என்று பிறகு தெரிந்தது.

"இந்தாளுதான்" என்று அவள் என்னைக் காட்டினாள். "பிள்ளைய மடியில வச்சுக்கிட்டுத் தலைச்சனான்னு கேட்டாரு."

"ஏலே, பொதையல் எடுக்க வந்திருக்கியா?" என்றான் மாயாண்டி. "பூதத்துக்குத் தலைச்சன் பிள்ள கேக்குதா ஒனக்கு?"

இன்னாசி முன்னால் போனான். "அப்பு, நாங்க அப்படி ஆளுக இல்ல. நான் திண்டுக்கல்லுல வாத்தியாரு. கெடங்க அளந்து படம் எடுக்க வந்திருக்கோம்."

"கெடங்கா? நேத்து டீக்கடையில இந்தாளு சொரங்கம்னுல்ல கேட்டாரு? ஆள இறக்கப் போறோம்னாருல்ல?"

இன்னாசி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "சுரங்கம்னா கேட்டே?" என்றான் மெதுவாக. நான் தலையாட்டினேன்.

அந்தப் பக்கத்தில் சுரங்கம் என்றால் ஒன்றே ஒன்றுதான். திண்டுக்கல் கோட்டையிலிருந்தவர்கள் தப்பிப்போக வெட்டிய ரகசிய வழி. அதற்குள் அவர்கள் விட்டுப் போன பொன் இருக்கிறது. அதைப் பூதம் காக்கிறது. பூதம் கேட்கிற விலை தலைச்சன் பிள்ளை. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம், ஈப்போவிலிருந்து வந்த படம் வரைகிற குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை.

ஒருவன் கோழிக் கூடையைத் திறந்தான். "கருங்கோழிப்பா!" என்றான். இன்னொருவன் பையைக் கவிழ்த்தான். எலுமிச்சம்பழங்கள் உருண்டு ஓடின. யாரும் அவற்றை மிதிக்கக்கூடத் துணியாமல் பின்வாங்கினார்கள்.

"உள்ள யாருடா? யாரு பிள்ளைய இறக்குனீங்க?"

"பிள்ளை இல்லை, எங்கள் ஆள்தான், போட்டோக்காரர்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. கீழேயிருந்து கதிர்வேலின் குரல் உற்சாகமாக ஒலித்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி! அதையும் முடிச்சிட்டு வாரேன்!"

பல்பைச் சொன்னான் பாவி. உடனே "முடிச்சிட்டாண்டா!" என்று ஒருவன் கத்தினான். நாலைந்து பேர் குவியலிலிருந்து பெரிய பெரிய கற்களைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். என்னை இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்தார்கள். இன்னாசி விளிம்பில் கையை விரித்துக்கொண்டு நின்றான். "போடாதீங்கப்பா! ஒத்தப் பிள்ள அவங்கம்மாவுக்கு! போடாதீங்க!"

ஒரு கல் உருண்டால் போதும். கீழே இருப்பவனுக்கு மேலே நடப்பது எதுவுமே தெரியாது. நான் மாயாண்டியைப் பார்த்துக் கத்தினேன்.

"நீங்களே இறங்கிப் பாருங்கள்! பிள்ளை இருந்தால் எங்கள் மூன்று பேரையும் இங்கேயே வெட்டிப் போடுங்கள்!"

மாயாண்டி என்னை உற்றுப் பார்த்தான். "நான் எறங்குனா கயித்த யாரு புடிப்பா? நீயா?"

"உங்கள் ஆட்கள் பிடிக்கட்டும்."

அவன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, வடத்தை இழுத்துக் கட்டினான். அவன் பெண்டாட்டி "வேணாம், போகாத" என்று அழுதாள். அவன் இறங்கிவிட்டான். கல்லைத் தூக்கியவர்கள் கீழே வைக்கவில்லை. தலைக்கு மேல் தூக்கியபடியே நின்றார்கள்.

கதிர்வேல் அரிவாளைக் கண்டு மிரண்டு ஓடினால் முடிந்தது. மாயாண்டி இருட்டில் நிதானம் இழந்தாலும் முடிந்தது. குழந்தை சிணுங்குகிற சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கல் தூக்கியவர்களில் ஒருவனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அவன் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி அந்த வெள்ளை வெளிச்சம். அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏய் மாயாண்டி!" என்று கூட்டம் கத்தியது. பதில் இல்லை. பிறகு, வடம் இரண்டு தடவை ஆடியது. இழுத்தார்கள்.

மாயாண்டி மேலே வந்து கற்குவியல் மேல் உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குடித்தான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"பூதமும் இல்ல, பொன்னும் இல்ல" என்றான். "பிள்ளைத் தொட்டி கட்டுன எடம் இருக்கு. கல்லக் கீழ போடுங்கப்பா."

கதிர்வேல் மேலே வந்தபோது அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒத்தாசைக்குத்தான் நாங்கள் ஓர் ஆளை அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டானாம். "வாங்கண்ணே, செத்த நேரம் இதப் புடிங்க" என்று விளக்கை மாயாண்டி கையில் கொடுத்துவிட்டு, பக்கவழி முழுக்கக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறான். சுவருக்குச் சுவர் எதிரெதிரே இரண்டு ஓட்டை, அவற்றில் செருகிய ஒரு பனங்கட்டை, கட்டையில் கயிறு ஆடி ஆடித் தேய்த்த பள்ளம். "தோண்ட வந்த பொம்பளைங்க பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு வேலை பாத்திருக்காங்க பாருங்கண்ணே" என்று விளக்கம் சொல்லி, மாயாண்டியை அதன் பக்கத்தில் நிறுத்திக் கடைசிப் பல்பையும் எரித்துவிட்டான். மாயாண்டியின் இடுப்பிலிருந்த அரிவாளை அவன் பார்த்ததே பிற்பாடு ஸ்டுடியோவில் படத்தைக் கழுவியபோதுதான். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதாக இன்னாசி ஈப்போவுக்கு எழுதியிருந்தான்.

பிறகு ஊர்த் தலைவர் பேசினார். அம்பலம் என்று எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் மேல் அவருக்குக் கோபம் தணிந்திருந்தது. அதுதான் எங்களுக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

"நீங்க நல்லவுகதான். ஆனா சொரங்கம்ங்கிற பேச்சு நேத்தே நத்தம் சந்தை வரைக்கும் போயிருச்சு. இனிமே நெசமாவே பொதையல் தேடுறவன் வருவான். அம்புட்டுப் பேருக்கும் நாங்க காவல் காக்க முடியாது. நாளைக்கு வண்டி கட்டி மண்ணடிச்சு மூடிருவோம்."

இன்னாசி தலையில் கையை வைத்துக்கொண்டான். "இம்புட்டு நாள் தப்பிச்சுக் கெடந்துச்சு" என்றான் என்னிடம். "காப்பாத்த வந்த நம்மளாலயே போகுதுடா." அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். அவ்வளவு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் என்று குரலிலேயே தெரிந்தது.

"தொட்டி கெடந்த எடத்துல மண்ணள்ளிப் போடாதீக."

"நீ சும்மா இரு ஆத்தா" என்றார் அம்பலம்.

"எந்தப் பிள்ள கெடந்துச்சோ. மண்ணள்ளிப் போட்டா ஊருக்கு ஆகுமா? கல்லப் போட்டு வாய மட்டும் மூடுங்க. மண்ணு மட்டும் வேணாம்."

அவள் கெஞ்சவில்லை; ஆனால் நகரவும் இல்லை. மாயாண்டி எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றான். கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக "அது சரிதான்" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அம்பலம் தாடியைச் சொறிந்துகொண்டு பள்ளத்தையே பார்த்தார். "கல்லுன்னா கரட்டுல பலகைக்கல்லு பேத்து எடுக்கணுமே" என்றார் கடைசியில். அதற்குள் இரண்டு பேர் கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துவிட்டார்கள்.

அன்று அங்கேயே தங்கினோம். இன்னாசி பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினான். கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள். கருங்கோழியை அறுக்க யாருக்கும் தைரியம் இல்லை. அது அம்பலத்தின் வீட்டுக் கோழிகளோடு சேர்ந்துகொண்டது.

மறுநாள் அளக்க நான் இறங்கினேன். மேலே வடத்தைப் பிடித்தது மாயாண்டி. நேற்று அரிவாளோடு நின்றவன் கையில் இன்று என் உயிர். பாதி தூரத்தில் ஒரு தடவை வடம் வழுக்கியபோது சுவரின் உளித் தழும்பைப் பற்றிக்கொண்டேன். "பயப்படாதீங்கண்ணே, புடிச்சிருக்கேன்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

பனங்கட்டையைப் பார்த்தேன். தேய்ந்த பள்ளத்தில் விரலை வைத்தேன், வழவழவென்று இருந்தது. எங்கள் ஊர் லம்பத்தில் மரத்தட்டு வைத்து ஈயம் அரிக்கிற சீனப் பெண்கள், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் நிற்பார்கள். வருஷக்கணக்காக அவர்களைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாளும் படத்தில் அவர்களை வரைந்ததில்லை. இந்தக் கட்டையை வரைந்தேன். கதிர்வேல் கேட்டால் சிரிப்பான் என்று அவனிடம் சொல்லவில்லை.

சாயந்திரத்துக்குள் கரட்டிலிருந்து பலகைக் கற்களைப் பெயர்த்து, உருட்டி, வாயின் குறுக்கே அடுக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு பிடி மண் விழவில்லை. தேவைப்பட்டால் நாலு பேர் சேர்ந்து கல்லை நகர்த்திவிடலாம் என்று மாயாண்டி எங்களிடம் தனியாகச் சொன்னான்.

இன்னாசியும் கதிர்வேலும் சாமான்களோடு வண்டியில் போக, நான் பஸ்ஸுக்கு நின்றேன். வந்த பஸ்ஸில் வழக்கம்போல நெரிசல். உட்கார ஓர் இடம் கிடைத்தது. வண்டி கிளம்புகிற நேரத்தில் அந்தப் பெண் ஓடிவந்து ஏறினாள். மறுநாள் காலையில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று டவுனுக்குப் போகிறாளாம். கூட்டத்தில் நெருக்கியடித்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை வானிலையைப் பற்றிக்கூட எதுவும் கேட்பதாக இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவளே குனிந்தாள்.

"தலைச்சன் இல்லண்ணே" என்றாள். "இது மூணாவது. மூத்தது ரெண்டும் தங்கல. அந்தக் கரட்டடி மண்ணுலதான் வச்சிருக்கோம்."

குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி என் மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.